ஆற்றோரம் நின்ற கேரவன்

வெளியூர் கிளம்புவதென்றால் திரிசலா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். ஆரணியில் பட்டுப்புடவைக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் அவளுக்கு ஒரு பிளவுஸ் தைக்கும் கடை இருந்தது. அங்கே அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். அதனால் அவளுக்கு இது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. முட்டி வலி வந்த பிறகுதான் விஷயமாயிற்று.

இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று வேலூரில் டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் தேசூரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக் கழிப்பறையில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் கதவுக்கு வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டாள். இரண்டு பெண்கள் உள்ளே வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருத்தி மாப்பிள்ளையின் அத்தை. பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்த திரிசலா சாப்பிடாமலே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அன்றோடு சரி. அதற்கப்புறம் எந்தப் பத்திரிகை வந்தாலும் அவள் கணவர் சுமதிராஜ் மட்டும்தான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார்.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் அக்ஷயா போன் செய்து, உங்களுக்கு ஒரு கேரவன் வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கிறேன், இரண்டு ராத்திரி ஆற்றங்கரையில் தங்கிவிட்டு வாருங்கள் என்றாள். திரிசலா சிரித்துவிட்டாள்.

“கேரவனா? அது சினிமாக்காரங்க உக்கார்ற வண்டியாச்சே!”

“இப்ப எல்லாரும் போறாங்கம்மா. கட்டில் இருக்கும், அடுப்பு இருக்கும். உள்ளயே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும். நீ எதுக்கும் எறங்கவே வேணாம்.”

திரிசலா சிரிப்பதை நிறுத்தினாள். “நல்லா கேட்டியா? வெஸ்டர்னா?”

“போட்டோ அனுப்பறேன், பாரு.”

அந்தப் போட்டோவைக் கடையில் வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்த்தாள். சின்ன அறைதான். வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கச் சுவரில் பிடித்துக்கொண்டு எழுவதற்கு ஒரு கம்பிகூட இருந்தது. கட்டிலையும் அடுப்பையும் அவள் சரியாகப் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் வண்டி வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு நின்ற அந்த வெள்ளை வண்டியைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடினார்கள். ஓட்டி வந்த சுதாகர் சென்னைக்காரன். யார் வண்டியைத் தொட்டாலும் “கோடு விழும்ங்க, கோடு விழும்ங்க” என்று பதறினான். சுமதிராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிற மனிதர், ஆலையில் பெருக்குகிறவர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அன்றைக்கு அவர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு தெருக்காரர்களுக்குக் கையசைத்த விதமே வேறாக இருந்தது.

திரிசலா பின்னால் தனியாக உட்கார்ந்து, வடிகட்டி எடுத்து வந்திருந்த தண்ணீரைக் குடித்தாள். வண்டி ஊரைத் தாண்டியதும் இன்னும் கொஞ்சம் குடித்தாள். போளூரில் இளநீர் வண்டி தெரிந்ததும் நிறுத்தச் சொன்னாள். ஒன்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். வழியில் இளநீர் குடித்து எத்தனை காலம் ஆயிற்று! “போதுமா, இன்னொன்னு வெட்டச் சொல்லவா?” என்று சுமதிராஜ் கேலி செய்தார். அவளும் சிரித்தாள்.

கலசப்பாக்கத்தை நெருங்கும்போது எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கதவு வரை நடந்தாள். கதவு பூட்டியிருந்தது.

“இன்னாங்க, இந்தக் கதவு தொறக்க மாட்டேங்குது.”

சுமதிராஜ் திரும்பி டிரைவரைக் கேட்டார். சுதாகர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

“அது லாக் பண்ணிகீது மேடம். டேங்க்ல தண்ணி இல்ல. தண்ணி ரொப்பிகினு வந்தா வண்டி இழுக்காது. கேம்ப்ல போய் ரொப்பினதும் தொறந்து வுட்டுர்றேன். தண்ணி இல்லாம தொறக்கவே கூடாதுன்னு ஓனர் சொல்லிக்கிறாரு. போன பார்ட்டி பண்ணி வெச்சதுல மூணு நாள் கழுவினேன்.”

“எதுக்கு இப்ப?” என்று சுமதிராஜ் கேட்டார்.

“கை கழுவணும்” என்றாள் திரிசலா.

“பாட்டில் தண்ணியில கழுவிக்கயேன்.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆணிடம், அதுவும் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனிடம், வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தானே, போனதும் திறந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்த வண்டிக்கு அது பெரிய தூரமாகிவிட்டது. பெரிய சாலையை விட்டு மலைப் பக்கம் திரும்பியதும் புளியமரக் கிளைகள் கூரையை உராய்ந்தன. சுதாகர் இறங்கிப் பார்த்தான், ஏறினான், மறுபடி இறங்கினான். ஒரு தெருவில் மின்சாரக் கம்பி தாழ்வாகத் தொங்கியது. அதைக் காய்ந்த மூங்கிலால் தூக்கிப் பிடிக்க ஆள் தேடி, ஆள் கிடைத்து, மூங்கில் கிடைக்காமல் நின்றார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது திரிசலா இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இந்த ரோட்டுல கேம்ப் வெக்கறவனை இன்னான்னு சொல்றது” என்று சுதாகர் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான்.

முகாம் என்பது செய்யாற்றங்கரையில் இருந்த ஒரு தென்னந்தோப்பு. மூன்று கூடாரங்கள் இருந்தன. அதில் இரண்டு சுருட்டி மரத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. வேறு யாரும் தங்க வந்திருக்கவில்லை. ஒரு தென்னைமரத்தில் பிளக் பாயின்ட் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கியது. ஆற்றில் மணல்தான் அகலமாகக் கிடந்தது. எதிர்க்கரையை ஒட்டி முட்டியளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பர்வதமலை நீலமாக நின்றது. நல்ல இடம்தான். திரிசலா அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

முகாமின் சொந்தக்காரர் ஜெயச்சந்திரன் அரைக்கால் சட்டையில் ஓடி வந்து வரவேற்றார். தோப்பு அவர் அப்பா வைத்தது, முகாம் அவர் யோசனை.

“தண்ணி எங்கீதுன்னு காட்டுங்க, டேங்க் ரொப்பணும்” என்றான் சுதாகர்.

“தண்ணிக்கு இன்னா பஞ்சம்? கிணத்துல தளும்பிகினு கீது. மோட்டார் போட மூணு ஃபேஸ் கரண்ட் வரணும், அவ்ளோதான். ஜல்தியா வந்துடும்.”

“எப்ப வரும்?” திரிசலா படியில் நின்றபடியே கேட்டாள்.

“ஒரு நாள் மதியானம் வருது, ஒரு நாள் சாயங்காலம் வருது. வந்தா வந்துடும்க்கா.”

“வேற பாத்ரூம் இருக்குதுங்களா?”

“இல்லாமயா! அதோ.”

சரிவில் இறங்கினால் ஒரு தகரக் கொட்டகை. கைத்தடியை ஊன்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து அவள் அங்கே வரை போனாள். கதவைத் திறந்தாள். தரையோடு தரையாகப் பதித்தது. பிடித்துக்கொள்ளச் சுவர்கூடக் கிடையாது, ஆடுகிற தகரம்தான். தேசூர் மண்டபம் அப்படியே கண்முன் வந்தது. இங்கே விழுந்தால் தூக்க மாப்பிள்ளையின் அத்தைகூட இல்லை. திரும்பி மேடேறி வந்தாள். ஒவ்வொரு அடியிலும் அடிவயிறு கல்லாகக் கனத்தது.

“இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?” என்றார் சுமதிராஜ். அவர் சாய்வு நாற்காலியை விரித்துப் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அந்த டிரைவர்கிட்ட சாவி வாங்குங்க.”

“தண்ணி ரொப்பினதும் தொறக்கறேன்றானே. கொஞ்சம் பொறேன். எதுக்கெடுத்தாலும் உனக்கு அவசரம்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. பதில் சொல்வதற்குள் தோப்புக்குள் ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரப்பு வழியாக நடந்தும் ஆட்கள் வந்தார்கள்.

மின்சாரக் கம்பி தொங்கிய தெருவில் வண்டி நின்றபோதே சேதி பரவிவிட்டிருந்தது. அந்தப் பக்கத்துக்குக் கேரவன் என்று ஒன்று வந்ததே இல்லை. கேரவன் வந்தால் ஷூட்டிங் என்றுதான் அர்த்தம். ஷூட்டிங் என்றால் உள்ளே யாரோ இருக்கத்தான் வேண்டும்.

“யாரு சார் வந்துகீறாங்க? ஹீரோவா, ஹீரோயினா?”

சுமதிராஜ் எழுந்து நின்றார். இல்லைங்க, நாங்கள் ஆரணிக்காரர்கள், சும்மா தங்க வந்தோம் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். திரிசலா அதைத்தான் எதிர்பார்த்தாள். அவர் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் இப்ப சொல்லக் கூடாதுப்பா” என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ போன் போட்டு யாருக்கோ சொன்னார்கள். திரிசலா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. லொகேஷன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாக யாரிடமோ சொன்னார். ஆற்றைக் கைகாட்டி, இந்த ஆங்கிள் நன்றாக வரும் என்றார். அந்த வார்த்தையை அவர் எங்கே பிடித்தாரோ! செல்ஃபி எடுக்க ஒவ்வொருவராக அவர் தோளில் கை போட்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் அவளோடு சேர்ந்து ஒரு போட்டோவுக்கு நிற்கச் சொன்னால்கூடக் கூச்சப்படுகிறவர்.

உள்ளே அனல் அடித்தது. தென்னைமரத்து பிளக்கில் வந்த மின்சாரத்துக்கு ஏ.சி. ஓடவில்லை. ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. திரையை இழுத்தாள். அடுத்த ஜன்னலில் இன்னொரு முகம் வந்தது. அவள் அந்தப் பூட்டிய சின்னக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்தாலும் தாங்கவில்லை, நின்றாலும் தாங்கவில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, “இன்னாங்க, இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

“ஒரு நிமிஷம்” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

“யாரும்மா உள்ள? மேக்கப் போட்டுகினு கீறாங்களா?” என்று ஒரு பெண் ஜன்னலுக்குக் கீழிருந்து கேட்டாள்.

அதற்கு மேல் திரிசலாவால் முடியவில்லை. மானத்துக்குப் பயந்து சும்மா இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த மானமும் இருக்காது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவைத் திறந்து படியில் வந்து நின்றாள். கூட்டம் ஆவலோடு நிமிர்ந்தது. நைலக்ஸ் புடவையில் வேர்த்து வழிந்துகொண்டு, கைத்தடியோடு நிற்கிற ஒரு நடுத்தர வயதுப் பெண்ணைப் பார்த்துக் குழம்பியது.

“இங்க ஷூட்டிங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றாள். கடையில் தையல் மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். “எந்த நடிகரும் வரல. அவரு என் வீட்டுக்காரரு. நான் ஆரணியில பிளவுஸ் தைக்கறவ. எனக்கு முட்டி மடங்காது, கீழ உக்கார முடியாது. இந்த வண்டியில உக்கார்ற மாதிரி பாத்ரூம் இருக்குதுன்னுதான் இம்மாந்தூரம் வந்தேன். போளூர்லேர்ந்து அடக்கிகினு இருக்கறேன். தண்ணி இல்ல, சாவி இல்ல, சுத்தியும் நீங்க நின்னுகினு இருக்கறீங்க. எனக்கு ஒன்னுக்கு வருது. போயே ஆகணும். யாராவது ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்க. மத்தவங்க தயவுசெஞ்சு போங்க.”

 ஒருவன் தூக்கிப் பிடித்த போனை மெதுவாக இறக்கினான். சுமதிராஜின் தோளில் கிடந்த கை தானாக விலகியது. அவர் தரையைப் பார்த்தார்.

முதலில் அசைந்தது ஜன்னலுக்குக் கீழே நின்ற பெண்தான். அவள் பெயர் மணிமேகலை என்று பிறகு தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் மொண்டு இடுப்பில் குடத்தோடு திரும்பியவள், அப்படியே வேடிக்கை பார்க்க நின்றிருந்தாள்.

“டேய், கெளம்புங்கடா!” என்று அவள் கத்தினாள். “ஒரு பொம்பள வாய வுட்டு சொல்லிகினு கீறாங்க, இன்னும் வாயப் பொளந்துகினு நிக்கறீங்க. உன்னையும்தான்டா. வண்டிய எடு. யக்கா, தோ ஒரு கொடம் கீது, புடி. அடியே, நீயும் மொண்டா, ஓடு.”

ஆண்கள் நகர்ந்தார்கள். போகிற வேகத்தில் ஒரு பைக் தென்னங்கன்றில் மோதியது. ஜெயச்சந்திரன் “கன்னுடா, கன்னுடா” என்று பின்னாலேயே ஓடினார்.

சுதாகர் மட்டும் வண்டியின் முன்பக்கத்தில் நின்றான். “மேடம், கொடத்துல ஊத்தினா சரிப்படாது. பம்ப் ஓடணும். ஓனர் கேட்டாருன்னா...”

திரிசலா கையை நீட்டினாள். “சாவி.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சாவியைக் கொடுத்தான்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெகுநேரம் ஆயிற்று. கம்பியைப் பிடித்தாள், எழுந்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தாள். இப்போதுதான் மலை கண்ணுக்குத் தெரிந்தது.

வண்டிக்கு வெளியே பெண்கள் மட்டும் இருந்தார்கள். யாரும் போகவில்லை.

“யக்கா, அந்த பாத்ரூம நாங்க பாக்கலாமா?” என்று மணிமேகலை கேட்டாள்.

மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருத்தியாக ஏறி, எட்டிப் பார்த்து, கம்பியைத் தொட்டுப் பார்த்து இறங்கினார்கள். ஒருத்தி இறங்கவில்லை. தடித்த உடம்பு, ஒரு முட்டியில் நீளமாக ஆபரேஷன் தழும்பு. “ஒரு தபா உக்காந்துட்டு வரட்டுமாம்மா?” என்று மெல்லக் கேட்டாள். “எங்கூட்ல கீறது கீழ உக்கார்றது. நான் ரெண்டு செங்கல்லு வெச்சு அது மேல உக்காந்துகினு கீறேன். எப்ப சரியுமோன்னு பயமாவே கீது.”

“போய்ட்டு வாங்க” என்றாள் திரிசலா.

அதற்கப்புறம் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. முட்டி வலிக்காரி, இடுப்பு வலிக்காரி, நிறைமாதக்காரி ஒருத்தி, ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள் சிலர். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. திரிசலா கதவருகில் நின்று எந்தக் கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் தோப்புக்குள் வெளிச்சம் மங்கியதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது மலைக்குப் பின்னால் பொழுது போய்விட்டிருந்தது. அவர்கள் சமணர்கள். வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் படக்கூடாது. காலையில் எழுந்து கிளறிய எலுமிச்சைச் சாதத்தில் அவள் பங்கு டிபன் அடுக்கில் அப்படியே இருந்தது. சுமதிராஜ் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் முன்னமே சாப்பிட்டு முடித்திருந்தார். அவளைக் கூப்பிடவில்லை.

கடைசிப் பெண் இறங்கியதும் சுதாகர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான்.

“கழிவு போற கீழ் டேங்க் ஃபுல்லு மேடம். செவப்பு லைட்டு எரியுது. இனிமே யாரும் போகக் கூடாது. நீங்களும்தான். போனீங்கன்னா மேல ரொம்பிகினு வண்டிக்குள்ள வரும்.”

“காலி பண்ண முடியாதா?”

“சென்னைல ஷெட்டுக்குப் போனாத்தான்.”

“ஆத்துல திருப்பி வுட்டுடலாமே, ராத்திரில யாரு பாக்கப் போறாங்க” என்றார் ஜெயச்சந்திரன்.

“இப்பத்தான் அந்தப் பொம்பளைங்க ஆத்துத் தண்ணிய கொண்டாந்து ஊத்திட்டுப் போறாங்க. அதுலயா வுடுவீங்க?” திரிசலா போட்ட சத்தத்தில் அவர் பின்வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மும்முனை மின்சாரம் வந்தது. கிணற்றில் மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் மடமடவென்று கொட்டியது. சுதாகர் குழாயைச் செருகி மேல் டேங்கை வழிய வழிய ரொப்பினான். தண்ணீர் இருந்தது, சாவி இருந்தது, கதவு திறந்திருந்தது. ஆனால் போக முடியாது. திரிசலா படியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள். பசித்தது.

சுமதிராஜ் கொஞ்சம் தள்ளி வந்து நின்றார்.

“நீ அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேணாம்.”

“வேற எப்படிச் சொல்றது?”

“என்னைத் தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்.”

“கூப்ட்டேன். ஒரு நிமிஷம்னீங்க. வண்டியில சொன்னேன், பாட்டில்ல கை கழுவுன்னீங்க. நாற்காலியில உக்காந்துகினு எதுக்கெடுத்தாலும் உனக்கு அவசரம்னீங்க. எனக்கு அவசரம்தாங்க. நெசமாவே அவசரம்.”

“கை கழுவணும்னா எனக்கு இன்னா தெரியும்? ஒழுங்கா சொன்னாத்தானே...”

“இருபத்தஞ்சு வருஷமா ஊருக்குப் போனா நான் தண்ணி குடிக்கறதில்ல. அது தெரியுமா உங்களுக்கு?”

 அவருக்குத் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. தெரிந்து சும்மா இருந்திருந்தால்கூடச் சண்டை போடலாம். அவள் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அது நல்ல மெத்தை. அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று அவள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. இன்னொரு ராத்திரி பாக்கியிருந்தது, ஆனால் அந்த வண்டியில் இருந்து என்ன செய்வது? ஜெயச்சந்திரன் இட்லி கொடுத்தார். திரிசலா தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் குடித்தாள்.

புறப்படுகிற சமயம் ஒரு பைக்கில் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், நேற்று நடந்தது எதுவும் தெரியாதவர்கள். நேராக சுமதிராஜிடம் போனார்கள்.

“சார், ஷூட்டிங் எப்ப சார் ஆரம்பிக்குது?”

திரிசலா ஜன்னலில் இருந்து பார்த்தாள். அவர் காலரைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார்.

“ஷூட்டிங் இல்லீங்க. என் வீட்டுக்காரிக்கு முட்டி மடங்காது. உள்ள உக்கார்ற டாய்லெட் இருக்குதுன்னு இந்த வண்டியில வந்தோம். அதுவும் ரொம்பிப் போச்சு. ஊருக்குப் போறோம்.”

“அப்ப யாருமே வரலையா?” என்று ஒருவன் கேட்டான்.

“நாங்கதான் வந்தோம்.”

அவர்கள் முகம் தொங்கிவிட்டது. இருந்தாலும் வண்டியின் முன் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

இந்தத் தடவை சுமதிராஜ் டிரைவர் பக்கத்தில் ஏறவில்லை. பின்னால் வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.  புளியமரக் கிளைகள் கூரையில் கீறின. சுதாகர் திட்டினான். கலசப்பாக்கம் வந்ததும் சுமதிராஜ், “போகணுமா?” என்று கேட்டார்.

“ம்.”

“நிறுத்துப்பா” என்றார்.

ஒரு ஓட்டலுக்குள் போய்க் கல்லாவில் இருந்தவரிடம் கேட்டார். ஜன்னல் வழியாக அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குதுங்களா? என் வீட்டுக்காரிக்கு வேணும்.” இல்லை என்றார்கள். அடுத்ததிலும் இல்லை. போளூருக்குள் நுழைந்ததும் ஒரு லாட்ஜில், இருக்கிறது, ஆனால் ரூம் எடுத்தால்தான் என்றார்கள். சுமதிராஜ் அங்கே வாய்ச்சண்டை போட்டுவிட்டு முகம் சிவந்து வெளியே வந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். “இன்னா ஊருய்யா இது, பேஜாரா போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தார்.

பெட்ரோல் பங்க் ஒன்றில் கடைசியாகக் கிடைத்தது. உள்ளே காலி டப்பாக்களும் துடைப்பங்களும் போட்டு வைத்திருந்தார்கள். அவரே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வாளியில் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

“நீ போ. நான் புடிச்சுகினு நிக்கறேன்” என்றார்.

திரிசலா உள்ளே போனாள். கதவின் இடுக்கில் அவருடைய நான்கு விரல்கள் தெரிந்தன, பலகையை இறுகப் பிடித்தபடி. வெளியே லாரிக்காரர் ஒருவர் வந்து, “அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்றார்.

“ஆள் இருக்குதுங்க.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஆவற நேரம் ஆவும்” என்றார் சுமதிராஜ். “முட்டி வலி. மெதுவாத்தான் வருவாங்க. அவசரம்னா வேற எடம் பாருங்க.”

விரல்கள் அசையவில்லை. திரிசலா சுவரில் கை வைத்து, அவசரமில்லாமல் உட்கார்ந்தாள்.